வலது கை மவுஸில் இருக்கும்போது

பாங்க்யோ
ஜனவரி, சனிக்கிழமை மதியம்

அன்புத் தம்பி சங்யுனுக்கு,

அக்கா ஹேரிம் இங்கே நலம். அம்மா மிர்யாங்கில் நலம். நொன்சான் முகாமில் காலைக் காற்று காதை அறுக்கும் என்று ராணுவம் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிரில் விரல் வெடிக்கும். கை கழுவினால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கையுறை போடு.

அடுத்த செய்தி உனக்குப் பிடிக்காது. அதனால்தான் முகாமின் இணையதளம் வழியாக அனுப்பாமல் தாளில் எழுதுகிறேன். அங்கே போட்டால் அச்சிட்டுத் தருபவர் முதல் உன் அறைத் தோழர்கள் வரை எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் உன்னிடம் வரும்.

உன் விளையாட்டுக் கணக்கை ஒரு மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள். நீ உறையவைத்துவிட்டுப் போன தரவரிசை இடமும் போய்விட்டது. அதைச் செய்தது அம்மா.

தாளைக் கசக்காதே. மீதியையும் படி.

ராணுவத்துக்குப் போகிறவர்களின் இடத்தை அப்படியே உறையவைத்துக் காப்பார்கள், யாராவது உள்ளே போய் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் உறைவு கலைந்துவிடும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். "படை முடிஞ்சு வரும்போதும் இதே இடத்துல இருந்தா ஒரு தடவை வந்து என்னைப் பாரு" என்று அந்த ஊல்சான் விளையாட்டு அணியின் பயிற்சியாளர் சொன்னதை நீ என்னிடம் மட்டும் சொன்னாய். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. உன் அறையைப் பெருக்கப் போனவள் கணினியைத் திறந்திருக்கிறாள். அது கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. திரையில் இருப்பதிலேயே பெரிய பொத்தானை அழுத்தியிருக்கிறாள், ஆட்டம் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. அவள் வேலை பார்க்கும் பள்ளிச் சமையற்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பகல் முழுக்க அவளுக்கு வேலை இல்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். இங்கே என் வேலை என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் நான் ஏதோ பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக மாமாக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நான் நாள் முழுவதும், விளையாட்டுகளில் ஒருவரை ஒருவர் திட்டி எழுதியதைப் படிக்கிறேன். புகார் வந்த உரையாடல்களைப் பார்த்து, இது தண்டனைக்குரியது, இது இல்லை என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. "நாலு வருஷம் இலக்கியம் படிச்சேல்ல, இந்தா, புதுக்கவிதை வந்திருக்கு" என்று பக்கத்து மேசை சூக்யோங் அக்கா தினமும் கிண்டல் செய்வாள்.

இந்த வேலையில் நான் முதலில் பழகியது எழுத்தை வைத்துக் கையைக் கண்டுபிடிப்பது. நம் கொரிய விசைப்பலகையில் மெய்யெழுத்துகள் இடப்பக்கம், உயிரெழுத்துகள் வலப்பக்கம். விளையாடுகிறவனின் வலது கை மவுஸில் இருக்கும். சண்டை நடக்கும்போது இடது கையால் எது முடியுமோ அதுதான் வரும். அதனால் வெறும் மெய்யாக வந்து விழும். சிரிப்பு "க்க்க்க்". வேண்டாம் என்பது "ந்ந்". மன்னிப்புக்கும் இரண்டே எழுத்து, இரண்டுக்கும் உயிர் கிடையாது. சரி என்பதற்கு வட்டமாக இருக்கும் அந்த மெய்யெழுத்து இரண்டு தடவை, அதாவது இரண்டு வட்டம். ஒருவன் உயிரும் மெய்யும் சேர்த்து முழு வாக்கியம் எழுதினால் அவன் மவுஸை விட்டுவிட்டான் என்று பொருள். அநேகமாக அணியைக் கவிழ்க்க வந்தவன். வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்தே நாங்கள் பாதி முடிவுக்கு வந்துவிடுவோம்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு விளக்குகிறேன். அம்மா என்னிடம் இதையெல்லாம் விளக்கியபோது நானும் தெரியாதவள் மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் சூக்யோங் அக்கா சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். மேல்வரிசைக்காரன் ஒருவன் ஆட்டத்தின் நடுவில் நின்று பக்கம் பக்கமாக மரியாதைப் பேச்சுப் பாடம் நடத்துகிறவன் மாதிரி எழுதுகிறானாம். எட்டிப் பார்த்தேன். உன் பெயர். நீ முகாமில் கைபேசியைக்கூட ஒப்படைத்துவிட்டு இருக்கிறாய். எவனோ கணக்கைத் திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உரையாடலை நான் வாங்கிப் படித்தேன். "தம்பிங்களா, வணக்கங்க. எனக்கு வழி சரியாத் தெரியாது. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்று முதல் வரி. அதை எழுதி முடிப்பதற்குள் உன் வீரன் வாசலிலேயே செத்துக் கிடந்தான். "யோவ், மவுஸைப் பிடிய்யா" என்று ஒருவன். "கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?" என்று இன்னொருவன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சாவு.

அப்புறம் ஒருவன், விளையாட்டில் அவன் பெயர் பசித்த நீர்நாய், அந்த வழக்கமான இடத்துக்கு வந்தான். பெற்றவளை இழுத்துத் திட்டுவதை எங்கள் அலுவலகத்தில் நலம் விசாரிப்பு என்போம். தினமும் படித்து எனக்கு மரத்துப்போய்விட்டது. நீர்நாய் அப்படி விசாரித்தான். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன். "நான் அவனோட அம்மாதான் பேசறேன். ஏதோ நல்லாத்தான் இருக்கேன், கேட்டதுக்கு நன்றி. புள்ளை ராணுவத்துக்குப் போயிருக்கான். நீங்க சாப்பிட்டீங்களா?"

  பிறகு நீர்நாயிடமிருந்து அந்த இரண்டு மெய்யெழுத்து மன்னிப்பு வந்தது. அது அவனுக்கே போதவில்லை போலும். உடனே, "மன்னிச்சிடுங்கம்மா, தெரியாமச் சொல்லிட்டேன். காலையிலேர்ந்து ராம்யோன் நூடுல்ஸ்தான் சாப்பிட்டேன்" என்று முழுதாக எழுதினான். எழுதும்போது அவனும் செத்தான். அதற்குள் உன் அணி கோட்டையை இழந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த வரி: "வெறும் ராம்யோன் வயித்துக்கு ஆகாது. சோயாமுளை வாங்கி மூடி வெச்சு வேகவைங்க. நடுவுல மூடியைத் திறக்காதீங்க, பச்சை வாடை அடிக்கும்."

மூடியைத் திறக்காதே. அடுப்படியில் இதற்காக நாம் இருவரும் எத்தனை முறை கையில் அடி வாங்கியிருப்போம். எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

சங்யுன், அந்தப் பதிவை ஓரமாக ஒதுக்கியிருக்கலாம். தண்டனை வேண்டாம் என்று ஒரு குறி போட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். உன் இடம் எப்படியும் போயிருக்கும், ஆனால் கணக்காவது முடங்காமல் இருந்திருக்கும். என்னால் முடியவில்லை. கூட்டங்களில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். நான் எழுந்து எங்கள் பிரிவின் ஓக் தலைவரின் மேசைக்குப் போய், இது என் தம்பியின் கணக்கு, எழுதியிருப்பது என் அம்மா, இதை நான் பார்க்கக் கூடாது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னம்மா? சத்தமாச் சொல்லு" என்றார். சத்தமாகச் சொன்னேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

ஓக் தலைவர் எல்லாவற்றையும் படித்தார். சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்குச் சமையற்கட்டு ரேடியோவையே போடத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். அணியைக் கவிழ்த்ததற்கு ஒரு மாத முடக்கம் என்று குறித்துவிட்டு விதியைச் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் முடிவு உன்னுடையது.

அன்று மாலையே மிர்யாங்குக்கு ரயில் ஏறினேன். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அம்மா உன் அறையில் இருந்தாள். உன் பெரிய நாற்காலியில் கால் தரையில் எட்டாமல், சமையற்கூடத்து ரப்பர் செருப்புப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, விசைப்பலகையில் சோற்றுப்பருக்கை பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள்.

உன் கணக்கில் இல்லை. அவள் பெயரில் புதுக் கணக்கு. அந்த நீர்நாய்தான் போட வைத்தானாம். ஆட்டம் முடிந்ததும் அவன் தனியாக எழுதி, "அம்மா, இது உங்க பையன் இடம், இங்க ஆடாதீங்க, கெட்டுப்போகும்" என்று சொல்லியிருக்கிறான். அப்போதுதான் அம்மாவுக்கு விஷயமே புரிந்தது. அந்தக் கணமே வெளியே வந்தவள் அதற்குப் பிறகு உன் கணக்கைத் தொடவில்லை. நீர்நாய் பூசானில் மீன் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்க்கும் ஆள், இருபத்தேழு வயது. பகலில் தூக்கம் வராதபோது அம்மாவோடு கற்றுக்குட்டிகளின் வரிசையில் ஆடுகிறான். அம்மாவின் பெயர் அங்கே சோயாமுளை. "சோயாமுளை வந்தாச்சு" என்று எழுதினால் நாலைந்து பேர் கூடிவிடுகிறார்களாம். அவள் இன்னும் தோற்கத்தான் செய்கிறாள்.

எதற்காக அம்மா என்று கேட்டேன்.  கைபேசியைத் திறந்து, நீயும் அவளும் அனுப்பிக்கொண்ட செய்திகளின் பக்கத்தைக் காட்டினாள்.

நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. மேலே தள்ளத் தள்ள முடிவில்லாமல் போகிறது. இடப்பக்கம் உன்னுடையது. சாப்பிட்டியா, இரண்டு வட்டம். குடை எடுத்துட்டுப் போனியா, இரண்டு வட்டம். காய்ச்சல் விட்டுதா, இரண்டு வட்டம். அணியில் சேர்வதற்கான அந்தத் தேர்வு ஆட்டத்தின் நடுவில் அம்மா உன் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாளே, அதற்கு மறுநாள் தொடங்கி மூன்று வருடமாக வட்டம் வட்டமாகப் போகிறது. கடைசியில் முகாமுக்குக் கிளம்பிய அன்றைக்கு, நானும் வாசல் வரை வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு மட்டும் வேறு. இரண்டு "ந்".

"இவன் எல்லார்கிட்டயும் இப்படித்தானா, என்கிட்ட மட்டும் இப்படியான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சுடி. அதான் உள்ள போனேன்" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் உலகமே வட்டமும் வெறும் மெய்யுமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஏன் அரைகுறையாக எழுதுகிறீர்கள் என்று நீர்நாயைக் கேட்டிருக்கிறாள். அவன் சொன்னதை அப்படியே எனக்குக் கற்றுக்கொடுத்தாள். என் இடது கையைப் பிடித்து விசைப்பலகையில் வைத்து, வலது கையை மவுஸில் வைத்து, "இப்ப எழுது பாப்போம். வருதா? மெய்தானே வருது? அவனுக வேணும்னு செய்யலடி. ஒரு கை போர்ல மாட்டியிருக்கு" என்றாள். அவளால் மட்டும் அப்படி எழுத முடியவில்லை. பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையாலும் நீட்டிப் பழகியவள். "ஒத்தைக் கையால தட்டை நீட்டினா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககூட ஒரு மாதிரி பாக்கும். பேச்சை மட்டும் எப்படி ஒத்தைக் கையால குடுக்கிறது?" அதனால் அவள் மவுஸை விடுகிறாள், எழுதுகிறாள், சாகிறாள்.

ஒரு நாள் அரிசிக் குக்கரும் மின்சூடாக்கியும் ஒன்றாக ஓடி, வீட்டில் மின்சாரம் போயிருக்கிறது. ஆட்டத்தின் நடுவில். இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். எழுந்து போய்ப் பொத்தானைத் தூக்கிவிடக்கூடத் தோன்றவில்லையாம். "நாலு பேரை நடு ரோட்ல விட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. சும்மா வெளையாட்டுக்கே இப்படி. அன்னிக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.  

பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கைபேசியை மறுபடி எடுத்து அந்த வட்டங்களை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்குத்தான் புரியாமப் போச்சு ஹேரிம். வலது கை மவுஸ்ல இருக்கும்போதும் இடது கையால எனக்குப் பதில் போட்டிருக்கான் பாரு. ஒரு நொடி அசந்தா செத்துருவோம்னு தெரிஞ்சும் போட்டிருக்கான். ஒருத்தருக்கும் பதில் சொல்லாம ஆடுறவன் எத்தனை பேர் இருக்கான் தெரியுமா?"

சங்யுன், நான் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு செய்தியும் வந்த நேரமும் என் கண்ணில் பட்டது. காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, கைபேசியில், இரண்டு கையும் சும்மா இருக்கும்போது நீ போட்ட வட்டங்கள் அதில் நிறைய. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆமாம் அம்மா, அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் சொன்ன அந்தப் பொய்யை மெய்யாக்க வேண்டியது இனி உன் பாடு.

இப்போது விதி. உன் அனுமதியில்லாமல் உன் கணக்கை வேறொருவர் பயன்படுத்தினார் என்று, கணக்குக்குச் சொந்தக்காரனான நீயே இந்த மாதம் முடிவதற்குள் முறையிட்டால், உறைந்திருந்த இடத்தை அப்படியே திருப்பித் தருவார்கள். ஓக் தலைவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் திருட்டுப் பயன்பாடு என்று பதிவானால் பயன்படுத்தியவர் பெயரில் இனி ஒருபோதும் கணக்கு இருக்க முடியாது. சோயாமுளையை மூடிவிடுவார்கள். முறையிடாவிட்டால் ஒரு மாதத்தில் கணக்கு திறக்கும், ராணுவம் முடித்து வந்து கீழ்ப்படியிலிருந்து நீ மறுபடி ஏற வேண்டும். ஊல்சான் பயிற்சியாளர் அதுவரை காத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

அம்மாவிடமும் இதைச் சொன்னேன். மறைப்பது சரியென்று படவில்லை. முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "நான் திருடினேன்னே எழுதச் சொல்லு. உண்மையும் அதானே, கேட்காம எடுத்தா திருட்டுதான். அவன் இடம் அவனுக்கு வரட்டும். எனக்கென்ன, பள்ளிக்கூடம் திறந்தா அண்டா காத்துக்கிட்டிருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த நீர்நாய்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். பாவம், தேடுவான்" என்றாள்.

அன்று மதியமே அவனிடம் சொல்லவும் சொன்னாள். அவன் என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "இந்தப் பையனுக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி" என்றாள்.

எது செய் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இடத்துக்காக நீ விட்ட தூக்கம் எனக்குத் தெரியும். முறையிட்டால் உன் மேல் எனக்குக் கோபம் வராது, அம்மாவுக்கும் வராது. உனக்கு முதல் விடுப்பு கிடைக்கும்போது உன்னோடு ஒரே ஒரு ஆட்டம் ஆட முடியுமா என்று கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை. நீர்நாயிடம் சொல்லியிருக்கிறாள். நான் பாங்க்யோவுக்குத் திரும்பக் கிளம்பும்போது திரை திறந்திருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. "என் மகன் வரும்போது நான் அவனுக்கு இடைஞ்சலாக இல்லாத அளவுக்காவது ஆடப் பழக வேண்டும்" என்று, முற்றுப்புள்ளி வைத்து எழுதியிருந்தாள்.

மற்றபடி, ஊரில் செய்தி ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாமா புது வண்டி வாங்கி முதல் நாளே சுவரில் மோதினார். கிம்ச்சி இந்த வருடம் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அலுவலகத்தில் இப்போது எல்லோரும் என் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சூக்யோங் அக்கா நலம் விசாரிப்பு ஒவ்வொன்றையும் பிரிக்கும் முன் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறாள், நான் கவனித்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கொஞ்ச நேரம் கைபேசி தருவார்களாமே. அந்த நேரம் முழுவதும் உனக்கு விளையாட்டும் இல்லை, மவுஸும் இல்லை. அம்மா காலையிலிருந்தே கைபேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள், கேட்டால் மணி பார்க்க என்பாள்.

நன்றாகச் சாப்பிடு, கொடுப்பதை மிச்சம் வைக்காதே. அடிபடாமல், காய்ச்சல் வராமல், போன உடம்போடு திரும்பி வா. இந்த அக்காவுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கைபேசி கையில் வந்ததும் முதலில் எனக்கு எழுதாதே.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா ஹேரிம்